கிரேக்க வீரன் காத்த சுதந்திரம் யாருடையது?

பண்டைய கிரேக்க வீரர்கள் மெய்யாகவே சுதந்திரத்துக்காகத்தான் போரிட்டார்களா, அல்லது அது பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்ன கதையா என்பது கேள்வி. இதைக் கேட்பவர்களில் ஒரு சாரார் முந்நூறு ஸ்பார்ட்டர்களைப் பற்றிய ஹாலிவுட் படத்தைப் பார்த்துவிட்டு மெய்சிலிர்த்து வருகிறவர்கள். இன்னொரு சாரார், "அடிமை வைத்திருந்தவனுக்குச் சுதந்திரம் பேச என்ன யோக்கியதை?" என்று முறைக்கிறவர்கள். இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். ஆம், சுதந்திரத்துக்காகப் போரிட்டார்கள். அதில் நடிப்பு இல்லை. ஆனால் அவர்களுக்கு அது வீடு, நிலம் போல ஒரு சொத்து. தன் வயலுக்காக உயிரைக் கொடுப்பவன் பக்கத்து வயலையும் காத்துத் தருவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சந்தர்ப்பம் வாய்த்தால் வரப்பைத் தள்ளிப் போடவும் செய்வான்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். கிரேக்கத்தில் அது எலுதெரியா. நம்முடைய "விடுதலை" என்ற சொல் முதலில் ஒரு கட்டு இருந்தது, பிறகு அவிழ்ந்தது என்று சொல்கிறது. எலுதெரியா அப்படியல்ல; பிறக்கும்போதே கையில் இருப்பது, பறிபோகக் கூடியது. "சுதந்திரம்" கொஞ்சம் நெருங்கி வருகிறது. அதிலும் அதன் பழைய பொருள்தான் பொருத்தம். தமிழ் விவிலியத்தில் சாந்தகுணமுள்ளவர்கள் "பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்று வருமே, உரிமைச் சொத்தாகப் பெறுவது என்ற பொருளில், கிட்டத்தட்ட அதுதான் கிரேக்கனின் சுதந்திரம்.

டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் "சுதந்திரமான" என்ற அந்தச் சொல் நான்கே நான்கு இடங்களில் வருகிறது. நான்கும் கிரேக்கர்களைப் பற்றியவை அல்ல. டிராய் விழுந்தால் எவனோ ஒரு கிரேக்கன் உன்னுடைய "சுதந்திர நாளை" பறித்துக்கொண்டு இழுத்துப்போவானே என்று டிராய் இளவரசன் ஹெக்டர் தன் மனைவியிடம் கலங்குகிறான். லிர்னெஸ்ஸஸ் நகரத்துப் பெண்களின் சுதந்திர நாளைப் பறித்ததைக் கிரேக்க வீரன் அக்கிலீஸ் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். மற்ற இரண்டும் டிராய்க்காரர்களைப் பற்றியவையே. ஆக, கிரேக்க இலக்கியத்தில் சுதந்திரம் முதன்முதலில் தலைகாட்டும்போதே அது கிரேக்கர்கள் பிறரிடமிருந்து பறிக்கிற பொருளாக இருக்கிறது! நகரம் விழுந்தால் ஆண்களைக் கொல்வார்கள்; பெண்களும் பிள்ளைகளும் சந்தைக்குப் போவார்கள். இதை இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் அந்தக் காலத்துக் கிரேக்கன். அடிமைத்தனம் அவனுக்கு மேடைப் பேச்சு உவமை இல்லை. வீட்டில் தண்ணீர் சுமக்கிறவளைப் பார்த்தால் தெரியும், நகரம் தோற்றால் தன் மகள் என்ன ஆவாள் என்று.

இந்தப் பின்னணியோடு பாரசீகப் போருக்கு வருவோம். கி.மு. 499இல் சின்ன ஆசியாவின் கரையோரத்து அயோனியக் கிரேக்கர்கள் பாரசீகத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஏதென்ஸ் 20 கப்பல்களை அனுப்பியது, எரித்ரியா என்ற இன்னொரு கிரேக்க நகரம் 5. கிளர்ச்சி தோற்றது. 494இல் மிலேட்டஸ் விழுந்தபோது பெரும்பாலான ஆண்கள் கொல்லப்பட்டார்கள், மற்றவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 490இல் எரித்ரியாவின் முறை: கோயில்கள் எரிந்தன, மக்களைப் பிடித்துக்கொண்டு போய் இன்றைய ஈரானில் உள்ள சூசா நகரத்துப் பக்கம் குடியேற்றினார்கள். எரித்ரியா சாம்பலான சில நாட்களில்தான் மராத்தான் சண்டை. அங்கே வரிசையில் நின்ற ஏதென்ஸ்காரனிடம் போய் "நீ எதற்காகச் சண்டை போடுகிறாய்?" என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பான்? அந்தப் பயம் நிஜம். ஆகவே அந்தச் சுதந்திரமும் நிஜம்.

பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை என்ற வாதத்துக்கு இன்னொரு தடை இருக்கிறது. கிரேக்கர்கள் பாரசீகக் கப்பற்படையை முறியடித்த சலாமிஸ் கடற்போர் நடந்தது 480இல். எட்டே ஆண்டுகள் கழித்து, 472இல், ஐஸ்கைலஸ் என்ற நாடகாசிரியர் அந்தப் போரை ஏதென்ஸில் மேடையேற்றினார். "கிரேக்க மக்களே, புறப்படுங்கள்! தாய்நாட்டை விடுவியுங்கள், பிள்ளைகளை, மனைவியரை, தெய்வங்களின் இருப்பிடங்களை, முன்னோர் கல்லறைகளை விடுவியுங்கள்!" என்று கப்பல்களிலிருந்து முழக்கம் எழுந்ததாக அதில் வருகிறது. கீழே உட்கார்ந்து பார்த்தவர்களில் எத்தனையோ பேர் சலாமிஸில் துடுப்பு போட்டவர்கள். ஐஸ்கைலஸே மராத்தானில் நின்றவர். அந்தக் கூட்டத்தின் முன்னால் அவர்கள் மனசில் இல்லாத ஒன்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்க முடியாது.

இதுவரை படத்தின் ரசிகர்களுக்குச் சாதகம். இனிமேல்தான் சிக்கல்.

"கிரேக்கர்கள்" என்று ஒரு மொத்தமாகச் சொல்கிறோமே, பாரசீகத்தை எதிர்த்து நின்ற நகரங்கள் எத்தனை? வெற்றிக்குப் பிறகு டெல்ஃபியில் வெண்கலப் பாம்புத் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். அதில் பொறித்த பெயர்கள் 31. (அந்தத் தூண் உடைந்த நிலையில் இன்று இஸ்தான்புல்லில் நிற்கிறது.) கிரேக்க உலகில் நகரங்களோ நூற்றுக்கணக்கில். தீப்ஸ் பாரசீகத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது. தெஸ்ஸலியும் அப்படியே. ஸ்பார்ட்டாவிடம் சில ஆண்டுகளுக்கு முன் செமத்தியாக அடி வாங்கியிருந்த ஆர்கோஸ், கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அயோனியக் கிரேக்கர்கள் பாரசீக மன்னன் செர்க்ஸீஸின் கப்பற்படையில் வந்து சக கிரேக்கர்களோடு மோதினார்கள். ஹாலிகார்னஸஸின் அரசி ஆர்ட்டெமிசியா அதில் தனிப் புகழே பெற்றாள். பல நகரங்களுக்கு அடுத்த ஊரின் ஆதிக்கம்தான் கண்ணெதிரே தெரிந்த ஆபத்து. பாரசீக மன்னன் எங்கோ தொலைவில், வருஷத்துக்கு ஒருமுறை கப்பம் கேட்கிற ஆள். அவன் ஆட்சியும் ஒரே இருட்டு அல்ல. 492இல் மார்டோனியஸ் என்ற பாரசீகத் தளபதி அயோனிய நகரங்களின் சர்வாதிகாரிகளை நீக்கிவிட்டு மக்களாட்சியை அமைத்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதுகிறார். தன் வாசகர்கள் நம்ப மாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். அதையும் சேர்த்தே எழுதுகிறார்.

அந்த முந்நூறு பேர் நின்ற தெர்மோபைலே கணவாய்க்கு வருவோம். 480 கோடையில் ஸ்பார்ட்ட மன்னன் லியோனிடாஸோடு கடைசி நாளில் நின்றவர்கள் 300 பேர் மட்டுமில்லை. தெஸ்பியா என்ற சின்ன நகரத்திலிருந்து 700 பேர் வந்திருந்தார்கள். போகலாம் என்று சொல்லியும் போகாமல் நின்று மாண்டார்கள். ஸ்பார்ட்டா அனுப்பியது தன் படையில் ஒரு சிறு துண்டு. தெஸ்பியாவுக்கு அந்த 700 பேர் ஊரின் ஆண்பலத்தில் பெரும்பகுதி. பிறகு செர்க்ஸீஸ் அவர்கள் ஊரையும் கொளுத்தினான். அடுத்த ஆண்டு பிளாட்டியாப் போருக்கு மிச்சமிருந்த 1,800 தெஸ்பியர்கள் வந்தார்கள், கனத்த கவசம்கூட இல்லாமல். என்னைக் கேட்டால், "சுதந்திரத்துக்காக நின்றவர்கள்" என்ற பட்டத்தை எந்தத் தயக்கமும் இல்லாமல் இவர்களுக்குக் கொடுக்கலாம். படத்தில் அவர்களுக்கு அவ்வளவாக இடமில்லை.

அங்கே செத்துக் கிடந்தவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு: ஹெலட்டுகள். போருக்குப் பிறகு களத்தைப் பார்க்க வந்தவர்கள் ஹெலட்டுகளின் உடல்களையும் ஸ்பார்ட்டர்கள், தெஸ்பியர்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள் என்று ஹெரோடோட்டஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். யார் இந்த ஹெலட்டுகள்? ஸ்பார்ட்டாவின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழுதவர்கள். அவர்களும் கிரேக்கர்களே. குறிப்பாக மெஸ்ஸேனியாக்காரர்கள் ஒரு காலத்தில் தங்கள் மண்ணில் தாங்களே ஆண்டவர்கள்; ஸ்பார்ட்டா படையெடுத்துப் பிடித்து ஊரையே பண்ணையாக்கிக்கொண்டது. ஸ்பார்ட்டன் ஒருவன் வேறு வேலை எதுவும் செய்யாமல் வாழ்நாள் முழுக்க ஆயுதப் பயிற்சி செய்ய முடிந்ததே, அதற்குச் சோறு போட்டவர்கள் இவர்கள். ஒவ்வொரு ஆண்டும் ஸ்பார்ட்டாவின் எஃபோர் அதிகாரிகள் பதவியேற்றதும் ஹெலட்டுகள் மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள். ஒரு ஹெலட்டைக் கொன்றால் பாவம் சேராமல் இருக்க! அரிஸ்டாட்டில் சொன்னதாகப் புளூட்டார்க் தரும் தகவல் இது.

479இல் பிளாட்டியாவில் பாரசீகத் தரைப்படையை முறியடித்த ஸ்பார்ட்டர்கள் 5,000 பேர். ஒவ்வொருவனுக்கும் ஏழு ஹெலட்டுகள் வீதம் 35,000 ஹெலட்டுகள் அதே களத்தில் இருந்தார்கள் என்பது ஹெரோடோட்டஸின் கணக்கு. கிரேக்கச் சுதந்திரத்தைத் தீர்மானித்த அந்த நாளில், அந்தப் பக்கத்துப் படையின் மிகப் பெரிய ஒற்றைக் கூட்டம் சுதந்திரம் இல்லாதவர்கள். அங்கே தலைமை தாங்கிய பவுசானியஸ் பிற்பாடு துரோகக் குற்றத்துக்கு ஆளாகி, ஒளிந்த கோயிலிலேயே பட்டினி போடப்பட்டுச் செத்தான். பாரசீகத்தோடு கள்ள உறவு என்பது முதல் குற்றச்சாட்டு. மற்றொன்று, என்னோடு சேர்ந்தெழுந்தால் விடுதலையும் குடியுரிமையும் தருகிறேன் என்று ஹெலட்டுகளிடம் பேசியது. கிரேக்கத்தை விடுவித்த தளபதி ஹெலட்டை விடுவிக்க நினைத்தால் அது ராஜத்துரோகம்.

ஏதென்ஸ் தரப்பு வேறு மாதிரி. 483 வாக்கில் லாரியோன் சுரங்கத்தில் வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. குடிமக்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் பேசிக் கரைத்துக் கப்பல்களில் போட வைத்தார். சலாமிஸில் கிரேக்கத்தைக் காப்பாற்றியது அந்தக் கப்பல்கள்தான். வெள்ளியை வெட்டி எடுத்தவர்களோ, குனிந்து தவழ வேண்டிய சுரங்கப் பாதைகளில் வேலை செய்த அடிமைகள். ஆனால் ஒரு தப்பெண்ணத்தைத் திருத்த வேண்டும். கப்பலில் சங்கிலியில் பூட்டிய அடிமைகள் துடுப்பு போடுவது சினிமாக் காட்சி. ஏதென்ஸின் ஒரு மூன்றடுக்குத் துடுப்புக் கப்பலில் துடுப்புக்காரர்கள் 170 பேர். சலாமிஸில் அவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத ஏழைக் குடிமக்கள். கவசம் வாங்க வசதியில்லாததால் அதுவரை படையில் பேர் சொல்ல முடியாதவர்கள். "நகரத்தைக் காப்பாற்றியது எங்கள் கை" என்று சொல்லும் தெம்பு அவர்களுக்கு வந்தபிறகு, ஏதென்ஸின் மக்களாட்சி பெரிய மனிதர்கள் கையிலிருந்து நழுவிக் கீழே இறங்கியது. ஆகவே அந்தப் போரில் சில பேருக்கு முன்பு இல்லாத சுதந்திரம் மெய்யாகவே கிடைத்தது. இதை மறைத்துவிட்டு "எல்லாம் வேஷம்" என்று சொல்வதும் நியாயமில்லை.

சரி, வென்ற பிறகு? 478 வாக்கில் பாரசீகத்திடமிருந்து மிச்சக் கிரேக்கர்களை விடுவிக்க ஏதென்ஸ் ஒரு கூட்டணி அமைத்தது. பொது நிதி டெலோஸ் தீவில். சில ஆண்டுகளில் நக்ஸோஸ் தீவு விலகப் பார்த்தது. ஏதென்ஸ் முற்றுகையிட்டுப் பணிய வைத்தது. கூட்டாளி நகரங்களில் முதன்முதலாக "அடிமையாக்கப்பட்டது" இதுதான் என்று ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். பாரசீகத்துக்கு எதிராகப் பயன்பட்ட அதே சொல், இப்போது ஏதென்ஸ் மேல்! 454இல் நிதிப்பெட்டி டெலோஸிலிருந்து ஏதென்ஸுக்கு வந்துவிட்டது. பிறகு 416இல், யாரோடும் சேராமல் இருக்க விரும்பிய மெலோஸ் தீவை முற்றுகையிட்டு, பணிந்ததும் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள். மிலேட்டஸில் பாரசீகன் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஏதென்ஸ் மக்கள் மன்றத்தில் ஒரு பேச்சாளர், மனிதர்கள் எதற்காக எல்லாவற்றையும் பணயம் வைப்பார்கள் என்று சொல்லும்போது, "சுதந்திரம் அல்லது பிறரை ஆள்வது" என்று இரண்டையும் ஒரே மூச்சில் அடுக்குகிறார். கேட்டவர்களுக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. முழுச் சுதந்திரம் என்றால் நம்மை யாரும் ஆளாதது. அதற்கு உறுதியான வழி, நாம் ஆள்வது.

ஸ்பார்ட்டா 431இல் ஏதென்ஸோடு போர் தொடங்கியபோது "கிரேக்கத்தை விடுவிக்கிறோம்" என்றுதான் கிளம்பியது. பலரும் மகிழ்ந்து ஆதரித்தார்கள். அந்த விடுதலையைப் பிளாட்டியா ஊர்க்காரர்கள் எப்படி அனுபவித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனசில்லை. பாரசீகத்தை வீழ்த்திய மண் அவர்களுடையது. அங்கே விடுதலை தரும் ஜீயஸுக்கு நன்றிப் பலி கொடுத்து, இந்த ஊரை யாரும் தொடக்கூடாது என்று எல்லாரும் சத்தியம் செய்திருந்தார்கள். 427இல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு பட்டினியில் ஊர் பணிந்தது. ஸ்பார்ட்ட நீதிபதிகள் ஒவ்வொருவனையும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "இந்தப் போரில் ஸ்பார்ட்டாவுக்கு நீ செய்த நன்மை என்ன?" பிளாட்டியர்கள் தங்கள் ஊரில் தாங்கள் பூசை செய்து காக்கும் ஸ்பார்ட்ட வீரர்களின் கல்லறைகளைக் காட்டிக் கெஞ்சினார்கள். கேள்வி மாறவில்லை. 200 பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டார்கள், பெண்கள் அடிமைகளானார்கள், ஊரைத் தரைமட்டமாக்கினார்கள்.

404இல் ஏதென்ஸ் தோற்றது. அதன் மதில்களைக் குழலிசைக்கிற பெண்களை வாசிக்க வைத்து இடித்தார்கள், இன்றிலிருந்து கிரேக்கத்துக்குச் சுதந்திரம் என்று. ஏதென்ஸுக்குக் கிடைத்தது முப்பது சர்வாதிகாரிகளின் ஆட்சி. மற்ற ஊர்களுக்குப் பத்துப் பேர் குழுக்களும் ஸ்பார்ட்டக் காவல்படையும். இந்த வெற்றிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? பாரசீகத்திலிருந்து. 386இல் பாரசீக மன்னன் அர்த்தசெர்க்ஸீஸ் ஒரு கட்டளை அனுப்பினான்: ஆசியாவிலுள்ள கிரேக்க நகரங்கள் எனக்கு, மற்றவை எல்லாம் சுயாட்சியோடு இருக்கட்டும். அதைக் கிரேக்கத்தில் அமல்படுத்தும் காவல்காரன் வேலையை ஸ்பார்ட்டா எடுத்துக்கொண்டது. லியோனிடாஸ் செத்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

தனி வீரனின் மனசு பற்றியும் ஒரு வார்த்தை. கொடியும் கோஷமும் போகட்டும், கேடயம் ஏந்தி வரிசையில் நிற்பவனுக்கு வலப்பக்கத்தான் கேடயம்தான் அரண். வலப்பக்கத்தான் யார்? ஊர்க்காரன், சொந்தக்காரன். ஓடினால் ஊரில் முகம் காட்ட முடியாது. சம்பளமும் உண்டு. 415இல் சிசிலிக்குப் படையெடுத்தபோது சாதாரண வீரர்கள் என்ன எண்ணினார்கள் என்று தூசிடிடீஸ் ஒளிக்காமல் எழுதுகிறார்: இப்போதைக்குக் கூலி, பிடித்துவிட்டால் தீராத கூலி. 401இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கூலிப்படையினர், அண்ணனைக் கவிழ்த்துச் சிம்மாசனம் ஏற நினைத்த பாரசீக இளவரசன் சைரஸுக்காகச் சண்டை போடப் போனார்கள். சண்டைக்கு முன் சைரஸ் அவர்களிடம், "உங்களிடம் இருக்கும் சுதந்திரத்தைக் கண்டு பொறாமைப்படுகிறேன், அதற்குத் தகுந்தவர்களாக நில்லுங்கள்" என்றானாம். கூடவே போன செனபோன் எழுதியது. சம்பளம் கொடுக்கிறவனுக்கு எந்த வார்த்தை சொன்னால் கிரேக்கன் நெஞ்சு நிமிரும் என்று தெரிந்திருக்கிறது. அலெக்சாந்தர் காலத்தில் அந்தச் சொல் இன்னும் தேய்ந்துவிட்டது. 335இல் அவன் தீப்ஸை முற்றுகையிட்டபோது, கிரேக்கத்தை விடுவிக்க விரும்புகிறவர்கள் பாரசீகப் பேரரசனோடும் எங்களோடும் சேரலாம் என்று தீப்ஸ்காரர்கள் உயரமான ஒரு கோபுரத்திலிருந்து அறிவித்தார்கள். ஊர் விழுந்தது, 30,000 பேர் அடிமைகளானார்கள். கிரேக்கர்களுக்காகப் பழிவாங்கப் போகிறேன் என்று ஆசியாவுக்குப் போன அதே அலெக்சாந்தர், முதல் சண்டையிலேயே பாரசீகத்திடம் கூலிக்கு நின்ற கிரேக்கர்கள் 2,000 பேரை விலங்கு பூட்டி மாசிடோனியாவுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினான்.

இன்று நாம் சொல்கிற அர்த்தத்தில், இல்லாத சுதந்திரத்தைப் பெறுவதற்காகப் போரிட்ட கிரேக்கர்களே கிடையாதா என்றால், உண்டு. மெஸ்ஸேனிய ஹெலட்டுகள். 464 வாக்கில் ஸ்பார்ட்டாவைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. அந்தச் சமயம் பார்த்து எழுந்தார்கள். இத்தோமே மலையில் அரண் கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். அவர்களை அடக்க ஸ்பார்ட்டாவுக்கு உதவி என்று படையோடு வந்தவர்களில் ஏதென்ஸும் உண்டு. இந்த ஏதென்ஸ்காரர்கள் கலகக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் ஸ்பார்ட்டா அவர்களை மட்டும் திருப்பி அனுப்பியது. அது தனிக் கதை. கடைசியில் மலையில் இருந்தவர்கள் மண்ணை விட்டே போய்விட வேண்டும், திரும்பி வந்து பிடிபட்டால் பிடிப்பவனுக்கு அடிமை என்ற நிபந்தனையில் குடும்பங்களோடு இறங்கிப் போனார்கள்.

ஊரில் தங்கிவிட்ட ஹெலட்டுகளுக்கு நடந்தது ஒன்றைத் தூசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். போர்களில் சிறப்பாகப் பணி செய்தவர்கள் யார் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள், விடுதலை தருகிறோம் என்று ஸ்பார்ட்டா அறிவித்தது. 2,000 பேர் வரை தேர்வானார்கள். தலையில் மலர்வளையம் சூடிக் கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள். சில நாளில் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். ஒவ்வொருவனும் எப்படிச் செத்தான் என்று யாருக்கும் தெரியாது. சுதந்திரம் வேண்டும் என்று முன்னால் வருகிறவன்தான் நாளைக்கு எதிர்த்து எழுவான் என்பது ஸ்பார்ட்டாவின் கணக்கு. சில ஆய்வாளர்கள் இந்தச் சம்பவத்தை ஐயப்படுவதுண்டு; ஸ்பார்ட்டாவைப் பற்றி மற்றக் கிரேக்கர்கள் இதை நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதே எனக்குப் போதும்.

371இல் லியூக்ட்ராவில் தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவின் முதுகெலும்பை முறித்தார். அடுத்து அதன் நிலத்துக்குள்ளேயே புகுந்து, 369இல் இத்தோமே மலையடியில் மெஸ்ஸேனே என்ற நகரத்தை எழுப்பினார். ஹெலட்டுகள் குடிமக்களானார்கள், வெளியேறியவர்களின் வாரிசுகள் திரும்பி வந்தார்கள். அவர்கள் கட்டிய மதிலின் பெரும் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. நகரத்தை விட மதிலில்தான் அவர்கள் அதிகம் கவனம் செலுத்தினார்களோ என்று தோன்றும்.

362இல், ஓயாத சண்டையில் களைத்துப்போன கிரேக்க நகரங்கள் பொதுச் சமாதானத்துக்குச் சத்தியம் செய்தன. மெஸ்ஸேனேயும் சத்தியம் செய்ய அனுமதிக்கப்பட்டதால் ஸ்பார்ட்டா மட்டும் ஒதுங்கிக்கொண்டது. அந்த நிலத்தை மீட்கப் பணம் வேண்டியிருந்தது. 80 வயதை எட்டிய, கால் ஊனமான ஸ்பார்ட்ட மன்னர் அகெசிலாவுஸ் கூலிப்படைத் தலைவராக எகிப்துக்குக் கப்பலேறினார். சம்பளத்தோடு திரும்பும் வழியில் ஆப்பிரிக்கக் கரையில் இறந்துபோனார்.